பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவருக்கு ஒரு நினைவு மலர்: ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நினைவு மலர் அச்சிடக் கொடுக்க வருகிறவர்கள் சில மாதங்களாக எங்களிடம் ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். "போட்டோ கொடுத்தாச்சு, பிறந்த தேதி, இறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் கொடுத்தாச்சு. இன்னும் என்ன வேண்டும்?" மறைந்தவர் பட்டாளத்தில் இருந்தவர் என்றால் எங்கள் கேள்விகள் இன்னும் கூடிவிடுகின்றன. வேலை முடியவும் இரண்டு வாரம் அதிகம் ஆகிறது. துக்க வீட்டுக்காரர்களைக் காக்க வைப்பது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. காரணத்தை விவரமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மகள் தன் அப்பாவின் தகரப் பெட்டியோடு வந்தார். உள்ளே சட்டைப்பையில் அடங்குகிற அளவில் ஒரு கறுப்பு அட்டை நோட்டு. முதல் பக்கத்தில் அவருடைய படை எண். அடுத்த பக்கங்களில் காவல் முறை: இரவு யாருக்கு எந்த நேரம், யார் யாரை எழுப்ப வேண்டும், யார் கையில் எந்தத் துப்பாக்கி. எல்லாம் பென்சிலில், அச்சுக் கோத்தாற்போல் எழுத்து. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் விவரம். "இந்தப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் எடுங்கள், போதும்" என்றார் மகள்.

ஸ்கேன் எடுக்க நோட்டைத் திருப்பிப் போட்டபோதுதான் பார்த்தோம். பின்னட்டையிலிருந்து தலைகீழாகத் தொடங்கி இன்னொரு கணக்கு ஓடியிருந்தது. குழந்தையின் எடை, மாதாமாதம். முதல் பல். தடுப்பூசி போட்ட தேதிகள். ஒரு பக்கம் முழுக்க ஒரே ஒரு ராத்திரி: 12 மணி, 103. 2 மணி, 102. 3 மணி, மருந்து. 4 மணி, 100. 5 மணி, தூங்குகிறாள். அதே பென்சில், அதே ஒழுங்கு, இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் விவரம். அந்த மகள் அதுவரை அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தை அவர்தான்.

மலரில் அந்த இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே வைத்தோம். அதற்கு முன்பெல்லாம் எங்களிடம் ஓர் அச்சு இருந்தது. முதல் பாதியில் சீருடைப் படம், ரேங்க், பதக்கங்கள். பின்பாதியில் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள். நடுவில் ஒரு கோடு. அந்த நோட்டுக்குப் பிறகு அந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டோம். ராணுவத்தில் இருந்தவர் ஒருவர், வீட்டில் இருந்தவர் வேறொருவர் என்பதுபோல் எழுதினால் இரண்டு பேருமே கிடைப்பதில்லை.

போரில் இறந்தவர்களின் பெயரைக் காப்பதற்குப் பெரிய ஏற்பாடுகள் உண்டு. 1917-இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட சுமார் 17 லட்சம் பேரின் பெயர்களை இன்றுவரை கல்லிலும் பதிவேட்டிலும் பாதுகாத்து வருகிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு, கல்லில் தங்கள் சொந்த வரி ஒன்றைப் பொறிக்கக் குடும்பத்தாருக்கு இடம் கொடுத்தார்கள். சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துக்குள். மகனைப் பறிகொடுத்தவர்கள் அந்த 66 எழுத்துக்குள் எதைச் சொல்வது என்று எத்தனை இரவு யோசித்திருப்பார்களோ. ஆனால் திரும்பி வந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, எண்பது வயதில் கட்டிலில் கண்மூடியவருக்கு அந்தக் கல்லும் கிடையாது. அவரை எழுதி வைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான்.

"அரசாங்கத்தில் எல்லா ரெக்கார்டும் இருக்குமே" என்று பலர் சொல்கிறார்கள். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளில், முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியிருந்த ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. அந்தக் குடும்பங்களில் பலருக்கு வீட்டு அலமாரியில் இருந்த, பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள்தான் மிச்சம். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே அந்தத் தாளைக் கேட்கிறோம். சேர்ந்த நாள், விடுவித்த நாள், பிரிவு, செய்த வேலை என்று பெரும்பாலும் எல்லாம் அதில் இருக்கும். தாள் தொலைந்திருந்தால் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். பல நாட்டுப் பதக்கங்களில் எண், ரேங்க், பெயர், பிரிவு ஆகியவற்றை விளிம்பிலேயே பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். எல்லாப் பதக்கத்திலும் இருக்காது. இரண்டாம் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். வெறும் விளிம்பைப் பார்த்துப் பதக்கம் போலியோ என்று பதற வேண்டாம்.

தாளில் இருப்பதும் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதையும் சில நேரம் ஒத்துப்போகாது. இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளில் உள்ளதை உள்ளபடி அச்சிடுவோம். கதையை, "அப்பா சொன்னதாக மகன் சொல்வது" என்று மகன் வாயாலேயே வைப்போம். இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற மாட்டோம்.

ஒரு மகன், அப்பா பட்டாளத்தின் ஸ்டோரில், அதாவது பொருள் கிடங்கில், இருந்தார் என்று எழுதத் தயங்கினார். "போர்முனையில் பணியாற்றினார் என்று பொதுவாகப் போட்டுவிடுங்களேன்" என்றார். அவருடைய தயக்கம் எங்களுக்குப் புரிந்தது. இருந்தாலும் எங்களுக்கு மனசு வரவில்லை. எந்தப் படையிலும் துப்பாக்கியோடு முன்னால் நிற்பவருக்குப் பின்னால் லாரி ஓட்டுகிறவர், தொலைபேசிக் கம்பி இழுக்கிறவர், பூட்ஸ் எண்ணிக் கொடுக்கிறவர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்று பெரிய கூட்டமே இருக்கும். அவர்கள் ஒரு நாள் தவறினால் முன்னால் நிற்பவர் குளிரிலேயே விறைத்துப்போவார். பேசிப் பேசி, கடைசியில் அந்த மகனே ஒன்றைச் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் அப்பா வீட்டில் இருந்த போர்வைகளை எண்ணி வைப்பாராம். விருந்தினர் வந்தால் யாருக்கும் போர்வை இல்லாமல் போகக்கூடாது. குறைந்தால் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு படுத்துக்கொள்வார். அதைத்தான் முதல் பக்கத்தில் போட்டோம்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாங்களே ஒரு முறை பெரிய தவறு செய்திருக்கிறோம். ஒரு பழைய நெகட்டிவைத் தலைமாற்றி ஸ்கேன் எடுத்துவிட்டோம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகிவிட்டது. பிரதிகள் எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவரோடு பணியாற்றிய பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "பதக்கம் ஏன் வலது பக்கம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். தனக்குக் கிடைத்த பதக்கத்தை ஒருவர் அணிவது இடது மார்பில். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், மறைந்தவரின் பதக்கத்தைப் பிள்ளைகள் அணியும்போதுதான் வலது மார்பில் குத்திக்கொள்வார்கள். எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி, எங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தோம். அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டோம். இன்றும் நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. இப்போது ஒவ்வொரு சீருடைப் படத்திலும் பதக்கம், சட்டைப் பொத்தான், தோளில் உள்ள எழுத்து மூன்றையும் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறோம்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. முகத்துக்கு ஏற்றலாம், பதக்க நாடாவுக்கு ஊகத்தில் ஏற்றக்கூடாது. மிகப் பழைய ஃபிலிம்களில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறி வெள்ளையாகத் தெரியும். படத்தில் தெரிகிற சாம்பல் நிறத்தை வைத்து நாடாவின் நிறத்தைச் சொல்லவே முடியாது. நாடா எந்தப் பதக்கத்துக்கு உரியது என்பது தெரிந்தால் மட்டும் வண்ணம் வைப்போம். இல்லையென்றால் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும்.

கடிதங்கள் இருந்தால் உறையோடு கொண்டுவாருங்கள். போர்க்காலத்துக் கடிதங்களைத் தணிக்கை செய்துதான் அனுப்புவார்கள், ஊர்ப்பெயர் எழுத விட மாட்டார்கள். "நலம், நலமறிய ஆவல்" என்பதைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை என்று ஏமாந்து உறையைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். உறையின் மேல் களத் தபால் நிலையத்தின், அதாவது படையோடு கூடவே போகும் தபால் நிலையத்தின், எண்ணும் தேதியும் இருக்கும். பல போர்களுக்கு, எந்த எண் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தது என்று தொகுத்த பட்டியல்கள் உண்டு. அவர் சொல்லக் கூடாமல் விட்ட ஊர்ப்பெயர் அப்படிச் சில நேரம் கிடைத்துவிடும்.

அடுத்தது, எங்களிடம் அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம்: "அப்பா போரைப் பற்றிப் பேசவே மாட்டார்." அப்படியானால் அதையே எழுதுவோம். எந்தத் தேதியில் அவர் யாரோடும் பேசாமல் இருப்பார், அறைக்குள் வந்தால் எந்தப் பக்கம் உட்காருவார், எந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுவார் என்று கேட்போம். போரில் மனம் கலங்கியவர்களின் நிலைக்கு 1915-இல் ஒரு மருத்துவ இதழில் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயர் முதலில் வந்தது. இன்று நாம் சொல்லும் மனவடுக் கோளாறு (PTSD) அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது 1980-இல்தான். எத்தனையோ பேர் தங்களுக்கு என்ன என்று பெயர் தெரியாமலேயே வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மருத்துவர் சொல்லாத நோய்ப் பெயரை நாங்களாக மலரில் போட மாட்டோம். அவர் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார் என்று எழுதினால், தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அப்புறம், அம்மா உயிரோடு இருந்தால் அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். பிள்ளைகள் கூட்டமாக இருக்கும்போது "நல்ல மனுஷர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்பா பட்டாளத்தில் இருந்த வருடங்களில் வீட்டை ஒற்றை ஆளாக ஓட்டியவர் அந்த அம்மா. முதல் முறை அப்பா திரும்பி வந்தபோது பிள்ளை அடையாளம் தெரியாமல் அழுததும், அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதும் அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பா கோபக்காரர் என்று அம்மா சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் அம்மாவே முடிவு செய்யட்டும்.

பெட்டியை இருக்கிறபடியே கொண்டுவாருங்கள். பதக்கங்களைப் பளபளவென்று தேய்த்துவிட வேண்டாம், தேய்க்கத் தேய்க்கப் பொறிப்பு அழியும். கடிதங்களை லேமினேட் செய்ய வேண்டாம். ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்ட படங்களைப் பிய்க்க வேண்டாம், ஆல்பத்தோடேயே ஸ்கேன் எடுத்துக்கொள்கிறோம். எல்லாவற்றையும் உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் எடுத்து அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.

நினைவு நாள் நெருங்கிவிட்டது, இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு தாளில் படமும் தேதிகளும் போட்டு உடனே தருகிறோம். மலரை நிதானமாகப் பிறகு செய்யலாம். அம்மாவுக்குப் பார்வை மங்கல் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கென்று ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் தனியாக அச்சிட்டுத் தருவோம், அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் அச்சகத்தார்