டெக் லிஸ்ட் வாங்கிய பிறகு விதியை மாற்றாதீர்கள்

போட்டி அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடந்த மேஜிக்: த கேதரிங் அட்டை விளையாட்டுப் போட்டியில் ஆடியவன் எழுதுகிறேன். சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு வந்த உங்கள் இரண்டு வரி அறிவிப்பைப் பற்றித்தான். நேரம் போதாதாம், அதனால் மூன்றில் இரண்டு ஜெயிக்கும் முறை போய் சுற்றுக்கு ஒரே ஆட்டமாம், ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உதிரி அட்டைகளான சைடுபோர்டு கிடையாதாம், சிரமத்துக்கு வருந்துகிறீர்களாம். எந்தெந்த அட்டையோடு ஆடுவோம் என்ற பட்டியலான டெக் லிஸ்ட்டைக் கொடுக்க மாலை 6 மணிதான் கடைசி என்று வைத்ததும் நீங்கள்தானே?

என்னுடையது கண்ட்ரோல் டெக், எதிராளியைத் தடுத்துத் தடுத்து மெதுவாக ஜெயிக்கும் அட்டைக் கட்டு. மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஓர் அட்டையில் மூன்று பிரதி வைத்தால், முதலில் எடுக்கும் ஏழு அட்டைகளில் ஒன்றாவது வர 31.5 சதவீத வாய்ப்பு. நான்கு வைத்தால் ஏறக்குறைய 40. அந்த எட்டுச் சொச்சத்துக்காக 60 அட்டையில் எதைத் தூக்குவது என்று எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பேன்! வேகமாகத் தாக்கி முடிக்கும் அக்ரோ டெக் எதிரே வந்தால் முதல் ஆட்டம் போய்விடும் என்று தெரிந்தேதான், அதற்கான அட்டைகளை சைடுபோர்டின் 15-க்குள் தள்ளினேன். யாருக்கு எதிராக எது உள்ளே, எது வெளியே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டெக் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன். ஞாயிறு முழுக்க அதைப் பிரிக்கவே இல்லை. ஐந்து சுற்றில் மூன்று பேர் சிவப்பு அக்ரோ. நாலைந்து டர்னில் ஆட்டம் முடிந்தது. அப்புறம் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன், ஏனென்றால் சுற்றுக்கு அதே 50 நிமிடம்தான் ஓடியது. நேரம் போதவில்லை என்றீர்களே?

தோற்றதற்கு அழவில்லை. மூன்று ஆட்டம் ஆடியிருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் டெக் லிஸ்ட் வாங்கிய பிறகு விதியை மாற்றக்கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் லிஸ்ட்டையும் திருத்த விடுங்கள்.

லிஸ்ட்டில் ஓர் அட்டையை எழுத மறந்த ஒருவருக்கு அன்று நீங்கள் ஓர் ஆட்டத் தோல்வி கொடுத்தீர்கள். விதிப்படி சரிதான். சுற்றுக்கு ஒரே ஆட்டம் என்பதால் அவருக்கு அந்தச் சுற்றே போனது. ஓர் அட்டைக்கு அவருக்கு அது. எல்லோருடைய 15 அட்டையையும் ஒரே ராத்திரியில் செல்லாக்காசாக்கியவர்களுக்கு ஒரு வருத்தச் செய்தியோடு சரி. இப்படியே போனால் அடுத்த முறை மேசையில் உட்கார்ந்த பிறகு டைஸ் உருட்டி விதியை முடிவு செய்யலாம், நாங்களும் எதையாவது கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். விடுமுறை நாளை எங்களுக்காகச் செலவழித்துத்தான் இதை நடத்துகிறீர்கள், அது தெரியும். கேட்பது ஒன்றுதான்: லிஸ்ட் வாங்கிய பிறகு ஆட்ட முறை மாறாது என்று அடுத்த போட்டி அறிவிப்பிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பிரிக்காத சீட்டோடு வீடு திரும்பிய ஓர் ஆட்டக்காரன்