பாமினிக்குள் அகப்பட்ட பெயர்களை மீட்டுத் தந்த நால்வருக்கு

அன்புள்ள அண்ணா, மல்லி (சிங்களத்தில் தம்பி), தங்கச்சி, ஐயா எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கலியாணக் காட் வேலை குவிந்து கிடந்ததால் பிந்திவிட்டது. கோவிக்க வேண்டாம்.

மற்றவர்களும் வாசிக்கப்போவதால் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபது வருடமாக ரைப்செற்றிங் செய்கிறேன். திருவிழா நோட்டீஸ், பூப்புனித நீராட்டு அழைப்பு என்று எல்லாம் வரும், ஆனால் அதிகமாக வருவது கல்வெட்டு. ஒருவர் இறந்து 31ஆம் நாள் வந்தவர்கள் கையில் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகம்தான். படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கல்வெட்டு எங்கள் கணினியில் இருக்கிறது. அத்தனையும் பாமினி எழுத்துருவில்.

பாமினி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுவிடுகிறது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசை தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ரொரன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் பிள்ளைகள், “அப்பாவின்ர கல்வெட்டை வாட்ஸ்அப்பில அனுப்புங்கோ” என்று கேட்பார்கள். அனுப்பினால், “என்ன இது, வைரஸா?” என்று பதில் வரும். முதலாளி ஒரு முறை வெளியே காசு கொடுத்து, எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறைக்கு மாற்றுவித்தார். திரும்பி வந்ததில் ஒவ்வொரு கொம்பும் தன் எழுத்தை விட்டுத் தனியே, புள்ளி வட்டத்தோடு நின்றது. அந்தக் காசு போனது போனதுதான். இனி நானே மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் மேல்மாடி அண்ணாவுக்கு. கோட்டையில் ஒரு அலுவலகத்தில் சேர்வர் பார்க்கிற உங்களிடம் படிக்கட்டில் மறித்துத்தான் கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சது பேர்ல்தான் அக்கா, பரவாயில்லையா?” என்றீர்கள். எனக்குப் பேர்லும் தெரியாது, பேரலும் தெரியாது. அது ஒரு நிரலாக்க மொழி, லாரி வோல் என்பவர் 1987இல் வெளியிட்டது, அவர் மொழியியல் படித்தவர், எழுத்துகளைத் தேடிப் பிடித்து மாற்றுகிற வேலைக்கு இதைவிடத் தோதானது குறைவு என்று சொல்லிவிட்டு, என் கணினியில் விண்டோஸுக்கான ஸ்ட்ரோபெரி பேர்லை நிறுவித் தந்துவிட்டுப் போனீர்கள்.

ஒவ்வொரு ஸ்கிரிப்டின், அதாவது நான் எழுதும் சின்ன நிரலின், தலையிலும் யூஸ் ஸ்ட்ரிக்ட், யூஸ் வார்னிங்ஸ் என்ற இரண்டு வரியும் இல்லாமல் எதையும் பார்க்கமாட்டேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தபோது எனக்கு உண்மையில் எரிச்சல்தான் வந்தது. அது இல்லாமல் ஓடியது, போட்டவுடன் பத்துப் பிழை காட்டியது; யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு மாறியின் பெயரை ஓரிடத்தில் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தேன். ஸ்ட்ரிக்ட் இல்லாதபோது பேர்ல் அதைப் புதிய வெற்று மாறியாக எடுத்துக்கொண்டு பேசாமல் ஓடியிருக்கிறது. அதனால்தான் மூன்று நாளாக வெறும் பக்கம் வந்தது. அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்புறம் அந்த ஒற்றை எழுத்துக் கூத்து. பாமினி விசை ஒரு பக்கம், தமிழ் எழுத்து மறுபக்கம் என்று ஒரு அட்டவணைக் கோப்பு செய்து அதைப் பேர்லின் ஹாஷுக்குள், அதாவது சோடி சோடியாக வைத்திருக்கும் பெட்டிக்குள், வாசித்தேன். ஓடவிட்டால் கல்வெட்டு முழுவதும் வரிக்கு ஓரெழுத்தாகப் பனைமரம் போல நீண்டு இறங்கியது. வரி முடிவில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத வரிமுறி ஒவ்வொரு தமிழ் எழுத்தோடும் ஒட்டிக்கொண்டு ஹாஷுக்குள் போயிருக்கிறது. “சோம்ப் போட்டீங்களா அக்கா?” என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வரிமுறியை வெட்டிவிடும் ஒரே சொல், எல்லாம் சரி. பெயர்களை ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டு, இறந்தவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாக்கிய நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது எண்களுக்கு, எழுத்துக்கு ஈக்யூ. விளங்கிவிட்டது.

மல்லிக்கு. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை அண்ணா உங்களுக்குச் சிங்களத்தில் சொல்லுவார். பக்கத்துக் கடையில் பிளெக்ஸ் டிசைன் செய்கிற நீங்கள் ஒரு நாள் மை கேட்டு வந்து, என் திரையில் தனியே நின்ற கொம்புகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றீர்கள். சிங்களத்தில் அதற்குப் பெயர் கொம்புவ என்று அன்றைக்குத்தான் தெரியும். பழைய எஃப்எம் அபயா எழுத்துருவிலும் கொம்புவை முன்னால் தட்ட வேண்டும். யூனிகோட்டிலோ அது மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட வேண்டும். கண் பார்க்கிற ஒழுங்கு ஒன்று, கணினி வைத்திருக்கிற ஒழுங்கு வேறு. இந்தச் சில்லெடுப்பை நீங்கள் உங்கள் மொழிக்கு முன்பே தீர்த்திருந்தீர்கள்.

ஒரு மட்டைத் துண்டில் இரண்டு அடைப்புக்குறி வரைந்தீர்கள். முதல் அடைப்புக்குள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றில் எது வந்தாலும் பிடி. இரண்டாவதுக்குள் அடுத்து வரும் மெய்யைப் பிடி. மாற்றும்போது இரண்டாவதை முன்னால் வை, முதலாவதைப் பின்னால் வை. எழுத்துக் கோலங்களைத் தேடிப் பிடிக்கும் ரெஜெக்ஸில் ஒரே ஒரு வரி. ஓடவிட்டதும் புள்ளி வட்டங்கள் எல்லாம் மறைந்தன. காசு வாங்கியவர்கள் செய்யாததை மை வாங்க வந்தவர் செய்தார். அந்த மட்டையை இன்னும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கு. வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்தில் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்து, “அக்கா, நீங்க பேர்லா எழுதுறீங்க?” என்று நீங்கள் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பல்கலைக்கழகப் பிள்ளை சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

அன்று எனக்கு வந்திருந்தது வினோதமான நோய். திரையில் ‘கொழும்பு’ என்று தெளிவாக இருக்கும், தேடினால் கிடைக்காது. கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்று விளக்கினீர்கள்: கொம்பும் அரவும் (கால்) சேர்ந்த ஒரே குறியாகவும், கொம்பு தனி அரவு தனி என்று இரண்டு குறியாகவும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு வேறு வேறு ஆள். என் ஸ்கிரிப்ட் இரண்டாவதைப் பெற்றுப் போட்டிருந்தது. யூனிகோட் நோர்மலைஸ் என்ற மொடியூலில், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்று ஒரு செயற்கூறு. வெளியே எழுதுவதற்கு முன் அதற்குள்ளால் ஒரு முறை அனுப்பியதும் நோய் போய்விட்டது.

போகிற போக்கில் நீங்கள் காட்டிய இன்னொன்றை நான் பலருக்கும் சொல்லி அறுத்துக்கொண்டிருக்கிறேன். ‘கொழும்பு’ என்ற சொல்லின் நீளத்தைப் பேர்லிடம் கேட்டால், வாசிக்கும்போது யூடிஎஃப்-8 (யூனிகோட்டைச் சேமிக்கும் முறை) என்று சொல்லாவிட்டால் 24 என்கிறது, அது பைட் கணக்கு. சொன்னால் 8 என்கிறது, அது குறிக் கணக்கு. பின்சாய்கோடு போட்டுப் பெரிய எக்ஸால், கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவதை ஒன்றாக எண்ணினால் 4. நாம் சின்ன வகுப்பில் எண்ணியதும் 4தான். பெயர் அட்டவணையில் என் நெடுவரிசைகள் ஏன் கோணலாக வந்தன என்பது அப்போதுதான் பிடிபட்டது.

பாமினியில் ஜ என்பது சதுர அடைப்புக்குறி விசையில் இருக்கிறது. அதை அட்டவணையில் சேர்த்த அன்றைக்கு ஸ்கிரிப்ட் ஓடவே மறுத்தது, ரெஜெக்ஸுக்கு அந்தக் குறி வேறு அர்த்தம் என்பதால். ஜெயாக்களும் ராஜன்களும் மாறாமல் கிடந்தார்கள். நீங்கள் விடையைச் சொல்லாமல், பேர்லின் கையேட்டைத் திறக்கும் பேர்ல்டொக் என்று தட்டி, அந்தக் குறிகளை வெறும் எழுத்தாகவே எடுக்கவைக்கும் குவோட்மெட்டா என்ற பக்கத்தை என்னையே வாசிக்கவைத்தீர்கள். கையேடு கணினிக்குள்ளேயே இருக்கிறது, நெட் கூடத் தேவையில்லை என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. என் அரைகுறை ஆங்கிலத்தோடு நான் வாசித்து முடிக்கும்வரை பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தீர்களே, அதற்கு நன்றி.

கடைசியாக ஐயா. நீங்கள் எங்கள் அச்சகத்துப் புரூஃப் ரீடர், கணினியைத் தொட்டதே இல்லை. ஆனால் எல்லாம் முடிந்தது என்று நான் இனிப்பு வாங்கிவந்த நாளில், அச்சிட்ட பக்கத்தைக் கையில் எடுத்த அரை நிமிடத்தில், “பிள்ளை, இதென்ன எழுத்து? ஔவுக்கு மேல ஏன் இகரம்?” என்றீர்கள். பாமினியில் ஔ எழுத ஒ, ள என்று இரண்டு விசை. ஒளி என்ற சொல்லும் அதே இரண்டு விசையில்தான் தொடங்கும். என் அட்டவணை ‘ஒளி’யை எல்லாம் ஔவோடு இகரக் குறி ஒட்டிய பேயாக மாற்றியிருந்தது. ஒளி இல்லாத கல்வெட்டு உண்டா? குல ஒளி, வீட்டின் ஒளி என்று ஒன்றில் மட்டும் பதினொரு இடம்.

பின்னால் இகரக் குறியோ குற்றோ (மெய்ப்புள்ளி) வந்தால் மாற்றாதே என்று நிபந்தனை வைக்க அண்ணா சொல்லித் தந்தார். ஔவையாரும் தப்பினார், ஒளியும் தப்பியது. கௌரி என்ற பெயருக்கு மட்டும் எந்த விதியும் முழுதாகப் பொருந்தவில்லை. அந்தப் பட்டியலைச் சிவப்புப் பேனாவோடு நீங்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாசிக்கும் கோப்பையே எழுதத் திறந்து, ஒரு குடும்பத்தின் கல்வெட்டைச் சுத்தமாக வெறுமையாக்கிவிட்டேன். திறந்த கணமே உள்ளே இருந்தது போய்விடும் என்று எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டு நிற்க, நீங்கள் உங்கள் அலுமாரியிலிருந்து அதன் பழைய புரூஃபை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ரைப் பண்ணு, நான் சொல்லுறன்” என்று ஆறுதலாகப் பன்னிரண்டு பக்கமும் வாசித்தீர்கள். முதலாளிக்கு இன்றுவரை தெரியாது. இனித் தெரிந்துவிடும், பரவாயில்லை. இப்போது முதலில் கோப்புறையைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறேன்.

அட்டவணையும் ஸ்கிரிப்டும் இப்போது ஒழுங்காக ஓடுகின்றன. பாமினிக் கோப்பு வைத்திருக்கும் யாரும் மாலை நாலு மணிக்குப் பிறகு அச்சகத்துக்கு வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வைரஸ் இல்லாத பென் டிரைவாகக் கொண்டு வாருங்கள். கௌரி என்று யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் ஐயா நிற்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள்.

அன்புடன்,
அச்சகத்து ரைப்பிங் அக்கா
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13