1776 போதும் கண்ணு

கண்ணு,

எஞ்சினுக்கு வாங்கப்போகிற சாமான் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பிஸ்டனை 82 மி.மீ. தூரம் ஓடவைக்கும் கிராங்க், 94 மி.மீ. அகலப் பிஸ்டன், கணக்குப் போட்டால் 2276 சிசி. வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் மெல்பர்னில் என் மகள் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கிள்ளானில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு.

நீ அந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போகப் போகிறாய், கோடையில் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டப் போகிறாய், அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பந்தயத்துக்கு என்றால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன். தொழிற்சாலையிலிருந்து வந்த 1600 எஞ்சின் கணக்குப்படி 1584 சிசி, 50 குதிரைத்திறன். அந்த ஃபேன், அந்த ஆயில் கூலர், காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் அந்தத் தகடுகள் எல்லாம் அந்த அளவுச் சூட்டுக்காகச் செய்தவை. சிசியை ஏற்றி அதிகப் பெட்ரோலை எரித்தால் சூடும் ஏறும், ரேடியேட்டர் கிடையாது, அந்தச் சூட்டைக் காற்றும் ஆயிலும்தான் சுமந்துகொண்டு வெளியே போக வேண்டும். அதோடு 82 கிராங்க் போட்டால் அதைச் சுற்றியிருக்கும் கேஸின் உட்பக்கத்தைச் செதுக்க வேண்டும், சிலிண்டர்களுக்கு அடியில் ஸ்பேசர் வைத்து வெளியே தள்ள வேண்டும், எஞ்சின் அகலமாகிவிடும், அப்புறம் தகடும் பொருந்தாது எக்ஸாஸ்டும் பொருந்தாது. தகடு சரியாகப் பொருந்தாத பீட்டிலை மலேசிய வெயிலில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும், சிலிண்டரை மூடும் ஹெட் எத்தனை மாற்றினார்கள் என்றும் தெரியும்.

அதனால் 1776 சிசி எஞ்சினாகக் கட்டு. கிராங்க் அதே 69 மி.மீ.தான், எதிர்எடை வைத்ததாகக் கிடைத்தால் அதை வாங்கு, வேகமாகச் சுற்றும்போது கேஸும் பேரிங்கும் படும் பாடு குறையும். சிலிண்டர் மட்டும் 90.5 மி.மீ. இதற்குக் கேஸையும் ஹெட்டையும் மெஷின் ஷாப்பில் கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும், அந்தச் செலவுக்குப் பயந்து கடையாமலே உள்ளே இறங்கும் 88-ஐ வாங்கிவிடாதே. அதன் சுவர் மெல்லியது, சூட்டில் வட்டம் கெடும். வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு எங்கிள் டபிள்யூ 100 போதும், கார்புரேட்டருக்கு வெபர் 34 ஐசிடி இரண்டு. சிவப்பு விளக்கிலிருந்து கிளம்பும்போதே வித்தியாசம் தெரியும், சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்று நினைக்காதே, ஓட்டிப் பார்த்தால் நீயே சொல்வாய்.

சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். மூன்றாம் சிலிண்டர்தான் எப்போதும் முதலில் போகும். பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள் அதற்கு நேர் முன்னால் நிற்கிறது, கூலரைத் தாண்டி வரும் காற்றுதான் அதற்குக் கிடைக்கும், அதுவும் ஏற்கனவே சூடாகி வரும். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூட்டில் தள்ளி வைத்தார்கள், டாக்ஹவுஸ் என்று சொல்வது அதைத்தான். உன் வண்டியில் எது இருக்கிறது என்று பார், பழையது என்றால் வேறு எதையும் வாங்குவதற்கு முன்னால் டாக்ஹவுஸும் அதற்கேற்ற ஃபேனும் வாங்கு. எஞ்சினைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்று, இல்லாவிட்டால் கீழே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். தெர்மோஸ்டாட்டையும் அது திறந்து மூடும் காற்று மடல்களையும் வேண்டாத சாமான் என்று பலர் கழற்றி எறிகிறார்கள். நீ எறியாதே, குளிர்காலத்துக் காலை வேளையில் எஞ்சின் சீக்கிரம் சூடேற அவை வேண்டும்.

புது ஹெட், புது சிலிண்டர் வந்ததும் துடுப்புகளுக்கு இடையில் டார்ச் அடித்துப் பார். வார்ப்பில் வழிந்த உலோகம் அங்கங்கே இடைவெளியை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று போக வேண்டிய வழி அது. மெல்லிய அரம் வைத்துப் பொறுமையாக எடு. சாயங்காலம் முழுக்க ஆகும், ஆகட்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையில் நம் பழைய வண்டி ஒரு தடவைகூட நின்றதில்லை என்றால் அதற்கு இந்த மாதிரி வேலைதான் காரணம்.

சரி, இப்போது அளவு. நீ கணக்கில் கெட்டிக்காரி, இந்த இடம் உனக்குப் பிடிக்கும். சிலிண்டரைக் கேஸில் அழுத்திப் பிடித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அதன் தலைக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார், டெக் என்பது இதைத்தான். நான்கிலும் பார். அப்புறம் ஹெட்டில் வால்வையும் பிளக்கையும் போட்டு, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, ப்யூரெட்டால் திரவம் விட்டு, பெட்ரோல் எரியும் குழியான சேம்பர் எத்தனை சிசி பிடிக்கிறது என்று அள. சேம்பர் 50 சிசி, இடைவெளி 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள், அந்த இடைவெளி மட்டும் 9.65 சிசி, ஒரு சிலிண்டர் 444 சிசி, ஆக கம்ப்ரெஷன் விகிதம் சுமார் 8.4. அதே இடைவெளி 1 மி.மீ. ஆனால் 8.9-ஐத் தொட்டுவிடும். அரை மில்லிமீட்டர் செய்கிற வேலை அது. உன் வண்டிக்கு 8.4 பக்கத்தில் நின்றால் எனக்கு நிம்மதி. கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடு நீளமும் இதைப் பொறுத்து மாறும், அதனால் இதை முடிக்காமல் புஷ்ராடு வாங்காதே.

கேஸ் கடைந்து வந்ததும் ஆயில் துளைகளின் அடைப்பான்களை எடுத்துவிட்டு பிரஷ் விட்டுக் கழுவு, உள்ளே சுருள் மிச்சமிருந்தால் புது பேரிங்கை அதுவே தின்றுவிடும். மெக்னீசியம் கலந்த உலோகம் அது, சீவலும் தூளும் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் வெடித்து எரியும். கராஜில் நீ ஏதாவது குடைந்தால் அப்போதைக்கப்போது கூட்டி வெளியே எடுத்துவிடு.

கேஸின் இரண்டு பாதியைச் சேர்க்கும்போது பேரிங் ஒவ்வொன்றும் அதன் ஊசியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார். பெரிய ஆறு நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு, ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்கைச் சுழற்றிப் பார், எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடு. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் சரியாகிவிடும் என்று ஒருநாளும் நினைக்காதே. கேம் பல்சக்கரத்தின் ஒற்றைப் புள்ளி கிராங்கின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வர வேண்டும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு ஃபிளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.07-லிருந்து 0.13 மி.மீ.க்குள், அதைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம் மூன்று, குறையவும் கூடாது கூடவும் கூடாது.

முதல் ஸ்டார்ட். ஐட்லிங்கில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்காதே. புது கேமும் அதன்மேல் உரசும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது, எஞ்சின் பிடித்தவுடனே நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் ஏற்றி இருபது நிமிஷம் வைத்திரு, ஜிங்க் உள்ள ஆயில் ஊற்று. ஆறியதும் ஆயிலை மாற்று, வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்கு வை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

அம்மா கேட்கச் சொன்னதும் இதுதான், நானும் கேட்கிறேன்: பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிதா? சூடான எஞ்சின் மேலே பழைய ஹோஸ் வெடித்து எத்தனையோ பீட்டில் எரிந்திருக்கிறது. கிளிப் சரியாக இறுக்கு, ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடாதே, தீயணைப்பானை டிரைவர் சீட்டுப் பக்கம் மாட்டு. கராஜுக்கு இன்னொன்று.

உன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் கிளேட்டனில் ஒரு காலத்தில் பீட்டிலையே செய்துகொண்டிருந்தார்கள், 1976 வரைக்கும். அதனால் அங்கே இதில் கை பழகிய பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள், தேடிப் பிடித்துப் பேசு, நான் சொன்னதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அதையும் எனக்கு எழுது.

டெக் அளவும் சேம்பர் அளவும் எடுத்ததும் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக அனுப்பு, நானும் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பிப்ரவரியில் நாங்கள் வரும்போது என் டயல் கேஜைக் கொண்டுவரவா, இல்லை அங்கேயே வாங்கிவிட்டாயா? பெட்டியில் இடம் பார்க்க வேண்டும், சீக்கிரம் சொல்.

அப்பா