முட்டி ஏன் வலிக்கிறது என்று கேட்ட அக்காவுக்கு

ஸ்கார்பரோ, டொராண்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். தண்டையார்பேட்டையில் நீங்களும் மாமாவும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து அம்மா பயப்பட வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். டாக்ரோலிமஸ் என்ற மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் விழுங்குகிறேன். ஆபரேஷன் செய்து எனக்கு மாற்றி வைத்த புது நுரையீரலை உடம்பு எதிர்க்காமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரைதான். விரல்களை நடுங்க வைப்பதும் அதுதான். தட்டச்சு செய்து தருகிறேன் என்று மகள் சொன்னாள். ஆனால் போனில் நீங்கள் அழுதுகொண்டே கேட்ட கேள்விக்கு என் கையாலேயே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நெஞ்சில் செய்த ஆபரேஷனுக்குத் தொடையும் முட்டியும் பாதமும் ஏன் வலிக்க வேண்டும், நுரையீரல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எங்களிடம் மறைக்கிறாயா என்று கேட்டீர்கள். மறைக்கவில்லை, அக்கா. நுரையீரல் ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்பதற்கு மூட்டு வலி அடையாளம் இல்லை. அதை அறிய என் கையில் ஒரு சிறு கருவி கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதற்குள் பலமாக ஊதி, வரும் எண்ணை நோட்டில் குறித்து வைக்கிறேன். அந்த எண் பத்து சதவீதம் இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும் என்பது உத்தரவு. இதுவரை அந்த எண் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வலிகளுக்குக் காரணம் வேறு. அதுவும் ஒன்றல்ல, பல. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கே பயம் தெளிந்தது.

இரண்டு நுரையீரலையும் மாற்றுவதற்கு ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை மார்பைக் குறுக்கே கீறி, நடு நெஞ்செலும்பை வெட்டி, விலாக்கூட்டைச் சிப்பி திறப்பதுபோல் மேலே தூக்குகிறார்கள். விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் அதில் நசுங்குவதால் தழும்பைச் சுற்றி ஒரு பக்கம் மரத்தும் ஒரு பக்கம் எரிந்தும் இருக்கிறது. நெஞ்சு வலிக்குப் பயந்து கூனியே உட்கார்ந்திருந்ததில் தோள்களும் முதுகும் பிடித்துக்கொண்டன. எலும்பு கூடும் வரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் அரிசிப் பையைக்கூட மகள்தான் சுமக்கிறாள். இந்த வலி எதிர்பார்த்ததுதான். மெல்லக் குறைந்தும் வருகிறது.

தொடை வலியின் கதை நீளமானது. ஆபரேஷனுக்கு முன் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோதே கால் தசை பாதி கரைந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்த படுக்கையாக இருந்தது மீதியில் பாதியைக் கொண்டுபோனது. அதற்கு மேல் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு. அது இடுப்பையும் தொடையையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகளைத்தான் முதலில் இளைக்க வைக்குமாம். அந்தத் தசைகள் வலிப்பதைவிடச் சோர்ந்துபோவதே அதிகம். ஆனால் அவை தாங்க வேண்டிய பாரம் முழுவதும் முட்டியில் இறங்குவதால் முட்டி வலிக்கிறது. வீட்டுக்கு வந்த புதிதில் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நம் வீட்டு மாடிப்படியை நினைத்துப் பார்த்தபோது, அதில் நான் இனி ஏறுவேனா என்றுகூடத் தோன்றியது.

இதற்கு மருந்து உடற்பயிற்சிதான். வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். டிரெட்மில் என்ற ஓடும் பட்டையின் மேல் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சிறு எடைகளைக் காலில் கட்டித் தூக்குவது, அவ்வப்போது ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று அளப்பது என்று போகிறது. மற்ற நாட்களில் வெளியே பனி உறைந்து வழுக்குவதால், இங்குள்ள முதியவர்களைப் போல நானும் கடைகள் நிறைந்த வணிக வளாகத்துக்குள்ளேயே சுற்றி வருகிறேன். எதுவும் வாங்காமல் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டை மேலும் கீழுமாக நடப்பவனை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பேருந்து நிறுத்தத்தில் வண்டியின் முன்பக்கம் தரையை நோக்கித் தாழ்ந்துகொடுக்கிறது; முட்டியை மடக்காமல் ஏறிவிடலாம். சென்னையிலும் தாழ்தளப் பேருந்து வந்துவிட்டதாகப் படித்தேன், அம்மாவுக்கு நல்லது.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போது வேறொரு வலி வந்தது. ஒவ்வொரு முறை அளவை இறக்கிய பிறகும் சில நாட்கள் உடம்பு முழுக்க, விரல் கணு உட்பட, அடித்துப் போட்டதுபோல் இருந்தது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இயல்பாகச் சுரக்க வேண்டியதை, மாத்திரை வந்துகொண்டே இருந்ததால் சுரக்காமல் விட்டுவிட்டதாம். அது மறுபடியும் வேலையைத் தொடங்கும் வரை இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதனால்தான் அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் வீடியோவில் பார்த்துப் பதறிய பாத வலி டாக்ரோலிமஸால் வந்தது. இங்கே வலி என்றதும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் கேட்கிறார்கள். அந்த எண்ணால் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதன்பின் என்னைப் பார்த்த டாக்டர் கேட்ட கேள்விகள் அருமையானவை. ஒரு காலா, இரண்டு காலுமா? நின்றால் கூடுகிறதா? காலைத் தூக்கி வைத்தால் குறைகிறதா? இரண்டு காலிலும் ஒரே மாதிரி, நின்றால் கூடி, தலையணை மேல் வைத்தால் தணிகிறது என்றேன். இந்த வகை மருந்து சிலருக்குப் பாதம், கணுக்கால், முட்டி எலும்புகளில் இப்படி ஒரு வலியைக் கொடுக்கும், ஸ்கேனில் எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்தது தெரியும், பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும் என்றார். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துச் சற்றே குறைத்தார்கள், இப்போது பரவாயில்லை. அதே மருந்து மக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால்தான் ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுக்கிறது. அதற்கு மக்னீசியம் மாத்திரை கொடுத்தார்கள். அது வயிற்றைக் கலக்குகிறது. ஒன்றுக்கு மருந்து, அந்த மருந்துக்கு ஒரு மருந்து என்று போகிறது என் பொழுது.

பயிற்சிக் கூடத்தில் பழக்கமான யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருக்குக் கை எலும்பெல்லாம் வலித்து வீங்கியது. பூஞ்சைத் தொற்றுக்கு அவர் பல மாதம் சாப்பிட்ட வோரிகோனசோல் மாத்திரையில் இருக்கும் ஃபுளோரின்தான் காரணமாம். தர்மபுரிப் பக்கம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் எலும்பு கெடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே சங்கதி. மருந்தை மாற்றியதும் அவருக்கு வலி விட்டது.

நுரையீரல் மாற்றிய எங்களைப் போன்றவர்கள் அசட்டையாக விடக் கூடாத வலிகளும் உண்டு. நடக்கும்போது தொடை இடுக்கில் வலித்தால், ஸ்டீராய்டால் இடுப்பு மூட்டில் இருக்கும் தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருக்கலாம். ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாக வீங்கினால் அது கவுட் என்ற யூரிக் அமில மூட்டு நோயாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் குதிகால் தசைநாரை அறுத்துவிடக்கூடும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையால் சதை வலித்துச் சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் எனக்கு இதுவரை வரவில்லை.

இப்போது உங்கள் பார்சல் விஷயம். நம் தெருக்காரர் மகன் இங்கே வரும்போது மூட்டு வலி லேகியமும், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையும், தைலமும் கொடுத்தனுப்புவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாரசிட்டமால் மட்டும் அனுமதி, அதுவும் காய்ச்சலை மறைத்துவிடக் கூடாது என்பதற்காக வெப்பம் பார்த்த பிறகுதான். லேகியத்தின் மேல் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அக்கா, ஊரெல்லாம் கூட்டப் பார்க்கும் அந்தச் சக்தியைத்தான் நான் தினமும் மாத்திரை போட்டுக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்; அது கூடினால் முதலில் தாக்குவது இந்த நுரையீரலைத்தான். பம்பளிமாஸ் பழம்கூட டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்று தடுத்திருக்கிறார்கள். தைலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று மருந்தாளர் கேட்டார்; நீங்கள் படம் எடுத்து அனுப்பிய லேபிளில் அது முழுதாக இல்லை. ஸ்டீராய்டால் தோல் மெலிந்திருப்பதால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது.

1963-ல் அமெரிக்காவில் முதன்முதலாக நுரையீரல் மாற்றப்பட்டவர் 18 நாள்தான் இருந்தார். 1983-ல் இதே டொராண்டோவில் டாக்டர் ஜோயல் கூப்பர் குழுவினர் செய்ததுதான் நீண்ட காலம் நிலைத்த முதல் மாற்று. இடைப்பட்ட இருபது ஆண்டு தோல்வியை மாற்றியதில் எதிர்ப்பை அடக்கும் மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு. என் பாதத்தை வலிக்க வைப்பதும் அந்த வகை மருந்துதான் என்பதால், அதன்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால், முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த, கை தொளதொளவென்ற பருத்திச் சட்டைகள் எம்.சி. ரோட்டில் வாங்கி அனுப்புங்கள். தலைவழியாக மாட்டும் பனியனுக்குக் கையை உயர்த்தினால் தோள் வலிக்கிறது. அளவு முன்பு 40. ஸ்டீராய்டால் வயிறு போட்டுவிட்டதால் இப்போது 42 எடுங்கள். மாமா கடைக்காரரிடம் பேரம் பேசட்டும், நீங்கள் பேசினால் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் அன்புத் தம்பி