நிதி மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்: புதிய மக்களவை உறுப்பினருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரை முடிந்த கையோடு நிதி மசோதா உங்கள் கைக்கு வந்துவிடும். வருமான வரி விகிதம் என்ன ஆயிற்று என்று எல்லோரும் முன்பக்கங்களைப் புரட்டுவார்கள். நீங்கள் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். வருமான வரி, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் முடிந்த பிறகு, வரிக்கு ஒட்டும் உறவும் இல்லாத சட்டங்களின் பெயர்கள் அங்கேதான் வரிசையாக வரும்.

அங்கே ஒரே ஒரு தேதியை மாற்றும் வாசகம் கண்ணில் பட்டால் அதை லேசாக விட்டுவிடாதீர்கள். 2018 நிதி மசோதாவின் 217ஆம் கூறு (மசோதாவில் உள்ள பிரிவைக் கூறு என்பார்கள்) அப்படிப்பட்டதுதான். 2016 நிதிச் சட்டத்தின் 236ஆம் பிரிவில் "26 செப்டம்பர் 2010" என்று இருப்பதை "5 ஆகஸ்ட் 1976" என்று மாற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். அதை மட்டும் படித்தால் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார்கள் என்றே தோன்றும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து, 236ஆம் பிரிவு எந்தச் சட்டத்தைத் தொட்டது என்று பார்க்க வேண்டும். அது, கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்று தடுக்கும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்.

பின்னணி இது. லண்டனில் பதிவான வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடம் காங்கிரசும் பாஜகவும் நன்கொடை வாங்கியது, 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் அதே பெயரில் இருந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. நன்கொடை தந்தவற்றில் ஒன்று ஸ்டெர்லைட். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாதிக்கு மேல் பங்குகள் வெளிநாட்டார் கையில் இருந்தால் அந்த நிறுவனம் "வெளிநாட்டு மூலம்" என்பதுதான் சட்டம் சொன்ன இலக்கணம். 2016 நிதிச் சட்டம் அந்த இலக்கணத்தைத் தளர்த்தியது: அந்நிய முதலீடு ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் வரம்புக்குள் இருந்தால் அந்த நிறுவனம் இனி வெளிநாட்டு மூலம் அல்ல. அதையும் 2010ஆம் ஆண்டிலிருந்தே அமலில் இருப்பதாக முன்தேதியிட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் இருந்த மேல்முறையீடுகளை அதே ஆண்டு நவம்பரில் இரு கட்சிகளும் திரும்பப் பெற்றன. ஆனால் நன்கொடைகள் வந்த காலத்தில் அமலில் இருந்தது 1976ஆம் ஆண்டுச் சட்டம். 2010 என்ற தேதி அதை எட்டவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2018இல் தேதி மாறியது. 2010இல் பிறந்த சட்டத்தின் ஒரு விளக்கம், 34 ஆண்டுகள் பின்னோக்கிப் போய் 1976 முதல் செல்லுபடியாகிறது. அது சுட்டும் ஃபெமாவோ 1999ஆம் ஆண்டுச் சட்டம். அந்த மசோதாவை மக்களவை 2018 மார்ச் 14 அன்று விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. ஆளும் கட்சிக்கும் பிரதான எதிர்க்கட்சிக்கும் ஒரே நேரத்தில் பலன் தரும் திருத்தத்தை யார் எழுந்து கேட்பார்கள்? ஆகவே, கட்சிகள் எல்லாம் ஒற்றுமையாக மௌனம் காக்கும் பிரிவைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் நிதி மசோதாவில் ஏற்றுகிறார்கள் என்றால், அது நிற்காமல் போகும் வண்டி. பட்ஜெட் அன்றிரவே வசூலாகத் தொடங்கும் சுங்க மாற்றங்களுக்கு 75 நாளுக்குள் சட்ட வடிவம் கொடுத்தாக வேண்டும். மசோதா தோற்றால் அரசே ஆட்டம் காணும் என்பதால் கட்சி சொன்னபடியே வாக்களிக்க வேண்டும் என்ற கொறடா உத்தரவு உறுதி. நிலைக்குழுவுக்கு வழக்கமாகப் போவதில்லை. பண மசோதா என்று சபாநாயகர் சான்று அளித்துவிட்டால் மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை மட்டுமே சொல்ல முடியும். 2017 மார்ச் 29 அன்று மாநிலங்களவை ஐந்து திருத்தங்களை நிறைவேற்றியது. மறுநாளே மக்களவை ஐந்தையும் தள்ளுபடி செய்தது.

அரசியலமைப்பின் 110ஆம் பிரிவில் எல்லாமே "மட்டும்" என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. வரி, அரசின் கடன், அரசின் வரவுகள் சேரும் தொகுப்பு நிதி, இவற்றைச் சார்ந்த விஷயங்கள் மட்டும் இருந்தால்தான் பண மசோதா. ஆகவே சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பிரிவிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் அரசின் வரவிலோ செலவிலோ ஒரு ரூபாயாவது மாறுமா? நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்ற வரம்பை 2017 நிதிச் சட்டம் நீக்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டும் கடமையையும் நீக்கியது. கருவூலத்துக்கு இதனால் என்ன வந்தது? வந்தவை, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர உதவிய தேர்தல் பத்திரங்கள்தான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்வதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பும் பண மசோதா கேள்வியைத் தீர்க்கவில்லை. 2019 நவம்பரில், அதே 2017 நிதிச் சட்டம் தீர்ப்பாயங்களில் செய்த மாற்றங்களை எதிர்த்த வழக்கில், அந்தக் கேள்வியை 7 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருந்தார்கள். நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் உட்கார்ந்திருக்க முடியாது.

பிப்ரவரி மசோதாவைப் படித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய ஆபத்து மார்ச்சில் வரும் அரசுத் திருத்தங்களில்தான். அந்த 7.5 சதவீத வரம்பு நீக்கமும் தீர்ப்பாயங்களை இணைத்ததும் பிப்ரவரி மசோதாவில் இல்லை. மார்ச் மூன்றாம் வாரத்தில் திருத்தமாக வந்தவை. திருத்தப் பட்டியல், அவை அதை எடுத்துக்கொள்வதற்கு முந்தைய நாள் மாலை கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம். அன்றிரவு ஒரு வழக்கறிஞரையும் மூலச் சட்டங்களின் பிரதிகளையும் கைவசம் வைத்திருங்கள். வெறும் திருத்த வாசகத்தைப் படித்து எதுவும் புரியாது. பழைய வாசகத்தில் அதை எழுதிச் சேர்த்துப் படித்தால்தான் என்ன போகிறது, என்ன வருகிறது என்று தெரியும்.

அவையில் உங்களுக்கு இரண்டு பிடிகள் உண்டு. மக்களவை நடைமுறை விதி 79இன்படி, ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாத திருத்தத்தை எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் தனியாக அனுமதித்தால் ஒழிய அந்த ஆட்சேபம் நிற்கும். விதி 80இன் முதல் நிபந்தனை, திருத்தம் மசோதாவின் எல்லைக்குள், அந்தக் கூறுக்குச் சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. சம்பந்தமில்லாததைச் சேர்க்க நினைக்கும் அமைச்சர் விதி 388இன் கீழ் இந்த நிபந்தனையை நிறுத்திவைக்கத் தீர்மானம் கொண்டுவருவார். நீங்கள் எழ வேண்டிய தருணம் அதுதான். சம்பந்தமில்லை என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் இடம் அது. அடுத்த நிமிடம் திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டால் உங்கள் பேச்சுக்கு வேலை இல்லை. மசோதா முழுவதையும் திட்டாதீர்கள், கூச்சலில் கரைந்துபோகும். கூறு எண், மூலச் சட்டம், பழைய வாசகம், புதிய வாசகம், முன்தேதி: இந்த ஐந்தை மட்டும் சொல்லி, வருவாயோடு என்ன தொடர்பு என்று அமைச்சரைக் கேளுங்கள். ஒரு நிமிடம் போதும், அது பதிவேட்டில் ஏறிவிடும்.

பிறகு குரல் வாக்கெடுப்பு வரும். "ஆம் என்போர் வென்றனர்" என்று அறிவித்த உடனே, அடுத்த கூறுக்குப் போவதற்குள், அந்த முடிவை எதிர்த்து வாக்குகளை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். தோற்பீர்கள். ஆனால் அந்தக் கூறுக்கு யார் யார் ஆதரவு தந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் அச்சில் இருக்கும். குரல் வாக்கெடுப்பில் ஒரு பெயர்கூட மிஞ்சாது.