செவிலில் ஒரு வீணான இரவுச் சாப்பாடு

மலாகா, ஸ்பெயின்
ஜூலை 2

அன்புள்ள ராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய ஆறுதல். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அது உனக்கும் சேர்த்துத்தான். மூன்றாம் நாளே தலைக்குக் குளித்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை பார் என்று எழுதாதே.

போன வாரம் மகன் எங்களைச் செவிலுக்கு அழைத்துப் போனான். பெரிய தேவாலயம், ஹிரால்டா கோபுரம், அரண்மனை எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றி மங்கை சரோஜாவுக்குத் தனியாக எழுதுகிறாள். நான் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பப் போகிறேன். அதைப் பொறுமையாகக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

வந்த நாளிலிருந்து மகன் தபாஸ் புராணம்தான் படித்துக்கொண்டிருந்தான். சின்னச் சின்னத் தட்டுகளில் விதவிதமாக வரும், அம்மாவுக்குச் சைவத்திலும் நிறைய உண்டு என்றான். எங்களுக்கோ ஏழரை மணிக்கே பசி வந்துவிட்டது. அந்த நேரத்தில் இங்கே நல்ல கடைகளில் அடுப்பே பற்றவைப்பதில்லை. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான். அதில் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு. 1940-இல் இங்கே சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி பெர்லின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. போர் முடிந்தும் அதை யாரும் திருப்பி வைக்கவில்லை. ஜூன் கடைசியில் செவிலில் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகிறது. பட்டப்பகல் போல வெயில் அடிக்கும்போது யாருக்கு இரவுச் சாப்பாடு இறங்கும்?

ஆனால் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் உணவகம் திறந்திருந்தது. வாசலில் ஒருவர் நின்று போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பல மொழிகளில், புகைப்படங்களோடு உணவுப் பட்டியல். இருவருக்கான தபாஸ் தொகுப்பு என்று ஒன்றைப் பரிசாரகரே எங்கள் தலையில் கட்டினார். நாங்கள் கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காயும் வந்தன. கடைசியில் பில்லிலும் வந்தன.

எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார்கள். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் தோர்த்தியா ஓரத்தில் கொதித்தது, நடுவில் சில்லென்றிருந்தது. வெள்ளை சாஸை உருட்டிப் பொரிக்கிற குரோக்கெட்டாவில் மாவு வாசனை மட்டும். பட்டாட்டாஸ் ப்ராவாஸ் என்பது பொரித்த உருளைக்கிழங்கின் மேல் காரமான சிவப்புச் சாறு ஊற்றித் தருவது. இவர்கள் ஊற்றியது கெட்சப். அமெரிக்க வணிகத்துக்கென்று 1503-இல் தனி அலுவலகம் வைத்து ஆண்ட ஊர் இது. உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று. கொலம்பஸின் கல்லறை இருக்கும் தேவாலயத்துக்கு ஒரு சந்து தள்ளி, உருளைக்கிழங்குக்குக் கெட்சப்! மங்கை சைவம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அவளுடைய தக்காளிக் கூழ்மேல் பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவியிருந்தன. சால்மொரேஹோ என்ற அந்தக் கூழை இங்கே அப்படித்தான் தருவார்களாம், அதனால் அந்த ஒன்றை மன்னிக்கலாம். மங்கை மன்னிக்கவில்லை.

எனக்கு ஆறாதது கீரை விஷயம்தான். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து, சீரகம், பூண்டு, வறுத்து அரைத்த ரொட்டி, கொஞ்சம் வினிகர் போட்டுச் செய்வது செவிலின் சொந்தப் பண்டம். அதற்காகவே நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். வந்தது டப்பாக் கடலை, தண்ணீர் வடியும் கீரை. சீரகம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் இரவு, ஒன்பதரைக்கு மேல், மகனின் அலுவலக நண்பர் ஒருவர் பாலத்தைத் தாண்டி ட்ரியானா பக்கம் கூட்டிப் போனார். அங்கே யாரும் உட்காரவே இல்லை. கவுண்டரில் சாய்ந்து நின்று ஒரு தட்டு, ஒரு சின்னக் கோப்பை பியர், கொஞ்சம் ஊர்வம்பு, அடுத்த கடை. ஒரு கடையில் கணக்கை மரப்பலகை மேலேயே சாக்பீஸால் எழுதிக் கூட்டிவிட்டுத் துணியால் துடைத்தார்கள். இந்தக் கடைக்கு வந்தால் கீரையைத் தவிர வேறெதுவும் கேட்காதீர்கள் என்று நண்பர் ஓரிடத்தில் கட்டளையே போட்டார். சூடாக வந்தது. முதல் வாயிலேயே சீரகம் தெரிந்தது. மங்கை இரண்டாம் தட்டு கேட்டாள், அவளா என்று எனக்கே சந்தேகம்.

அங்கே நிற்கும்போதுதான் முதல் நாள் கடைமேல் இருந்த கோபத்துக்குக் காரணம் பிடிபட்டது. தட்டைச் சின்னதாக வைத்திருப்பதே மனிதன் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒவ்வொரு கடைக்கும் கைவந்த பண்டம் ஒன்றோ இரண்டோ. நீ நடந்து போய் அதை அதன் இடத்தில் சாப்பிட வேண்டும். ஊரிலுள்ள அத்தனை கடைகளின் பெருமையையும் ஒரே சமையலறையில் சமைக்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் உறைபெட்டியும் மைக்ரோவேவும்தான் சமைக்கும். காசு போனதைப் பற்றி நான் வருந்தவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

உனக்குப் பிமென்டோன் என்ற மிளகாய்த்தூள் டப்பா ஒன்று வாங்கி வருகிறேன். எக்ஸ்ட்ரமதுராவில் லா வேரா என்ற பகுதியில் ஓக் விறகுப் புகையில் மிளகாயை உலர்த்தி அரைக்கிறார்கள். திறந்தாலே புகைமணம் தூக்குகிறது. இனிப்பு, காரம், இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று மூன்று வகை உண்டு. எது வேண்டும் என்று சரோஜாவைக் கேட்டு எழுது. காரம் என்று டப்பாவில் போட்டிருப்பதை ரொம்ப நம்ப வேண்டாம் என்றும் அவளிடம் சொல். ஆகஸ்ட் முதல் வாரம் கிளம்புகிறோம், அதற்குள் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
சுந்தரம்