முட்டைக் கணக்கு நோட்டின் பின்பக்கம்

ஜவ்வாது மலையில் நாலு மாதம் என்னைத் தாங்கிய எல்லோருக்கும்,

டேப்லெட்டில் பிள்ளைகள் கணக்குப் பழகுவதைப் பற்றிய என் ஆய்வின் பதிவுகளும் தாள்களும் அந்தப் புதன்கிழமை ராத்திரி மழையில் எப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. நேற்று மாலை கடைசி வரியையும் சரிபார்த்து முடித்துவிட்டோம், ஆய்வு பிழைத்துவிட்டது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெமரி கார்டிலிருந்து பதிவுகளை மீட்டது, இரண்டு ராத்திரி கண்விழித்த அலுவலகத் தம்பி. ஆனால் அதோடு தீரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெயர் தட்டி லாகின் செய்யத் திணறியதால், ஒவ்வொரு டேப்பையும் அதன் நம்பரிலேயே, இணையம் இல்லாமலும் பாடம் படிக்க உதவும் கோலிப்ரி செயலியில் திறந்து வைத்திருந்தோம். 15 டேப், 34 பிள்ளைகள். 7-ம் நம்பரில் ஒருவர் பின்னக் கணக்கில் நாலு முறை தவறி, ஐந்தாம் முறை சரியாகப் போட்டது பதிவில் இருக்கிறது. அன்று 7-ம் நம்பர் யார் மடியில் இருந்தது? அதைச் சொல்லும் தாள்கள்தான் மழையோடு போயின.

வெள்ளிக்கிழமை காலை பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சத்துணவுக்கூடத்து அக்கா அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். "இது ஆவுமா பாரு கண்ணு" என்று ஒரு நோட்டை நீட்டினார். முன்பக்கம் முழுக்க முட்டைக் கணக்கு. தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால், தேதி போட்டு, டேப் நம்பர் போட்டு, எதிரே பிள்ளையின் பெயர். ஒரு நாள் விடாமல். ஓரமெல்லாம் மஞ்சள் கறை.

நான் அவரிடம் கேட்டதெல்லாம் டேப் வைத்த பீரோ சாவியை வைத்துக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான். எழுதச் சொல்லவே இல்லை. ஏன் எழுதினீர்கள் என்றதற்கு, "காணோம்னா நான்தானே பதில் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான்.

பெயரோடு அவர் நிறுத்தவும் இல்லை. "தங்கச்சியும் கூட ஒக்காந்தா." "சார்ஜ் இல்ல, அழுதான்." "பெரியவன் புடுங்கிக்கிட்டான், வாங்கிக் குடுத்தேன்." என் தாள்களில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பிள்ளை அரை மணி நேரம் பயிற்சி செய்தது என்று பதிவு சொன்னால் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பேன். அந்த அரை மணியில் பாதி தங்கச்சியுடையது என்று எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

டில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற பாடப் பயிற்சி மென்பொருளை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஆய்வைப் பலமுறை படித்திருக்கிறேன். நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம். அங்கேயும் பாதி நேரம்தான் கணினி, மீதி நேரம் ஓர் ஆள் குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். எதனால் எவ்வளவு பயன் என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் ஆள் எவ்வளவு முக்கியம் என்பது அதைப் படித்தபோது எனக்கு வெறும் தகவல். இந்த நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

மற்றவர்களையும் சொல்லியாக வேண்டும். தங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு பள்ளி பள்ளியாக என்னை வண்டியில் கூட்டிப்போன களப்பணியாளர்கள், அனுமதிக் கடிதத்துக்காகத் திருவண்ணாமலைக்கு மூன்று முறை அலைந்த ஒருங்கிணைப்பாளர், சிக்னல் கிடைக்கும் பலாமரத்தடியைக் காட்டிக்கொடுத்த ஐந்தாம் வகுப்பு, சாமைச் சோறு போட்ட வீடுகள், கேள்வித்தாளை இரண்டு முறை திருத்தித் தந்த தலைமையாசிரியர். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒருங்கிணைப்பாளரும் களப்பணியாளர்களும் வேலை செய்யும் இந்த அமைப்புக்கு என்னைப் போல ஆய்வு செய்ய வருகிறவர்கள் ஏராளம். வருகிறோம், தங்குகிறோம், பதிவுகளை எடுத்துக்கொண்டு போகிறோம். அப்புறம் ஒரு ஆங்கிலக் கட்டுரை எங்கோ காசு கட்டிப் படிக்கும் இதழில் வருகிறது. "போன தடவை வந்தவங்க என்ன கண்டுபிடிச்சாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்று ஒருங்கிணைப்பாளர் முதல் வாரத்திலேயே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்கிறேன். எடின்பரோவில் என் ஆய்வுக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்பு, கண்டதையெல்லாம் நாலு பக்கத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசிப்பேன். பெற்றோர் தப்பு என்று சொல்வதைத் திருத்துவேன். களப்பணியாளர்களின் பெயர், அவர்கள் சம்மதித்தால், ஆசிரியர் வரிசையில் என் பெயரோடு வரும். எந்தச் சான்றை வைத்து எழுதினேன் என்ற இடத்தில் அக்காவின் நோட்டும் இருக்கும்.

அக்கா, நோட்டை ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் இன்னும் ஐந்தாறு பக்கம்தான் பாக்கி. அடுத்த மாதம் வரும்போது புதுசு இரண்டு வாங்கி வருகிறேன், முட்டைக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று.